சாம்பல் பஸ்ஸின் கடைசி அத்தியாயம்

மதியம் ஒன்றேகாலுக்குப் படியேறி வந்த ஓவியரின் வலது காலில் தோல் செருப்பும் இடது காலில் ரப்பர் செருப்பும் இருந்தன. கதவைத் திறந்த வண்டு முதலில் அதைத்தான் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா இருக்காங்களா?" என்றார் அவர், மூச்சு வாங்க. "எல்லாம் போச்சுங்க. கடைசி அத்தியாயம், ஒரு தாள் விடாம போச்சு."

வண்டுவுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததல்ல. முப்பத்தெட்டு வயதாகியும் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். கீழ்த்தளத்தில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள்; மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒரு கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அவளோடு அந்த வீட்டில் இருந்த அண்ணி நேரெதிர். இருபத்தாறு வருஷம் கோர்ட்டுக்காகக் கையெழுத்தையும் மையையும் காகிதத்தையும் சோதித்துச் சொல்லி ஓய்வு பெற்றவர். அண்ணன் கப்பலில் இருந்தார். வீட்டில் மிச்சமிருந்த இருவரில் ஒருத்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், இன்னொருத்தி எழுந்தால் உட்கார மாட்டாள் என்று அவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து சொல்லிச் சிரிப்பார்.

வண்டு திகைத்து நின்றதற்குக் காரணம் உண்டு. ஏழு வருஷமாக வாரம் தவறாமல் அவள் படித்துவந்த தொடர் 'சாம்பல் பஸ்'. ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா பாணியில், கறுப்பு வெள்ளையில், இந்த மனிதர் வரைவது. ஆலைகள் வெடித்து ஊரே சாம்பலாகிப்போன பிறகு, சாக்கடை மூடிகளுக்கு அடியிலிருந்து கவ்விகள் என்ற ஜந்துக்கள் ஏறி வருகின்றன. சுவரில் ஒட்டினால் சுவரின் நிறம். தரையில் படுத்தால் தரையின் நிறம். கிட்டே போனால் மட்டும் பல் தெரியும். மிச்சமிருக்கும் முப்பது பேரை ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, இரும்புக் கம்பியும் விசிலுமாகச் சண்டை போட்டுக்கொண்டே போகிறாள் ஒரு பெண் கண்டக்டர். அவள் பிழைப்பாளா மாட்டாளா என்பதுதான் ஊர்ப் பேச்சு. நாளைக் காலை கடைசி அத்தியாயம் வரவேண்டும்.

அண்ணி நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

"ஆறு மணிக்கு அச்சுக்குப் போகணும்க்கா. நாங்க இன்னும் தாள்லதான் வரையிறோம், வேற நகல் கிடையாது. மொத்தம் இருபத்திநாலு பக்கம். இல்ல, இருபத்திமூணு. காலையில ஒரு பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன், சண்டை இழுத்துக்கிட்டே போச்சு. மச்சானுக்கு இன்னும் சொல்லல, கேட்டா குதிப்பாரு. பதினொன்றரைக்கு எல்லாம் முடிஞ்சுது. மை காயறதுக்குக் கொடியில கிளிப் போட்டு மாட்டினோம். வசனத்தைக் கையால எழுதற எழுத்துக்காரன் அவங்கப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனான். நானும், கட்டடமெல்லாம் வரையற கட்டடக்காரிப் பொண்ணும் பூட்டிட்டுப் பக்கத்து ஓட்டலுக்குப் போனோம். பன்னெண்டே முக்காலுக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தா, வெறும் கொடி."

"பூட்டு உடைஞ்சிருந்துதா?"

"இல்ல. சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. நான், எழுத்துக்காரன், அப்புறம் மச்சான்."

மச்சான் என்றது அவருடைய மனைவியின் அண்ணனை. தொடரை வெளியிடும் பதிப்பாளர் அவர்தான்; ஸ்டூடியோ இருந்த கட்டடமும் அவருடையது.

"அவருக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணினேன். 'மச்சான், கடைசி அத்தியாயம் காணாமப் போச்சு'ன்னேன். மேல பேச வாய் வரல. அவரு உடனே, எழுத்துக்காரன்தான், போலீசைக் கூப்பிடுன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. அதான் இங்க ஓடி வந்தேன்."

அண்ணி எழுந்தார். வண்டு அதற்குள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள்.

*

ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி. வெளியே தூறல் போடுவதும் நிற்பதுமாக இருந்தது. வழியிலேயே வண்டு தன் வேலையைத் தொடங்கிவிட்டாள்: கீழே குப்பைத் தொட்டி, மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய மேஜை, மின்சார மீட்டர் வைத்திருந்த மர அலமாரி, எல்லாவற்றையும் திறந்து கைவிட்டுத் துழாவினாள். மீட்டர் அலமாரியில் ஒரு பல்லி மட்டும் இருந்தது. அது ஓடிய வேகத்தில் இவளும் ஓடினாள்.

மேலே நீளமான ஒரே அறை. குறுக்கே மூன்று கொடிகள், மூன்றும் காலி. ஆனால் கிளிப்புகள் தரையில் சிதறிக் கிடக்கவில்லை. ஒன்று விடாமல் தகர டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. அண்ணி டப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் பட்டர் பேப்பர் கட்டு ஒன்று பிரித்துக் கிடந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"காலையிலதான்," என்றாள் மூலை மேஜையிலிருந்த இளம்பெண். கட்டடக்காரி அவள்தான். மனிதர்களையும் கவ்விகளையும் ஓவியர் வரைய, இடிந்த வீடு, உடைந்த பாலம், துருப்பிடித்த கதவு எல்லாம் அவள் கைவேலை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அழுது முடித்திருந்த மூக்கு சிவந்திருந்தது. "நாங்க பிரிக்கவே இல்ல. பிரஸ்ஸுக்கு அனுப்பறப்போ பக்கத்துக்குப் பக்கம் நடுவுல வைக்கணும்னு வாங்கி வெச்சோம்."

பெரிய மேஜையின்மேல் ஒரு நோட்டுப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. கடைசி அத்தியாயத்தின் பென்சில் குறிப்பு. எந்தக் கட்டத்தில் யார், என்ன நடக்கிறது என்று முழுக்கதையும் கிறுக்கலாக அதில் இருந்தது. வண்டுவுக்கு உடம்பு முழுக்கப் பரபரத்தது. கண்ணுக்குப் பக்கவாட்டில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி அந்த மேஜையைத் தாண்டினாள்.

"அண்ணி, திருடன் மறந்துட்டான் பாருங்க," என்று கிசுகிசுத்தாள். "முடிவு இதுலயே இருக்கு."

"மறக்கல. வேணாம்னு விட்டிருக்கான்," என்றார் அண்ணி.

கட்டடக்காரியின் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் புகைப்படங்கள் ஒட்டியிருந்தன. பாசி பிடித்த சுவர், வளைந்த கிராதி, பலகை பெயர்ந்த ஜன்னல், விதவிதமான கதவுகள்.

"இதெல்லாம் எங்க எடுத்தது?"

"சுத்துப்பட்டுத் தெரு எல்லாம். சேர்ந்த புதுசுல தினம் சாயங்காலம் சுத்துவேன். எனக்கு ஊரு தெரியாது, கால் போன பக்கம் போவேன். நல்லாப் பழசா எது கண்ணுல பட்டாலும் போன்ல எடுத்துப்பேன். அப்படியே பார்த்து வரைஞ்சு, மேல கொஞ்சம் சாம்பலைக் கொட்டினா நம்ம கதை ஊரு வந்துரும்."

படியில் கனத்த காலடி கேட்டது. பதிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். இளம் வயதில் அச்சு மிஷின் ஓட்டியவர். கை இன்னும் மிஷின்காரர் கைதான்.

"வந்துட்டானா அவன்? வரமாட்டான். எங்க கொண்டுபோய்க் கொளுத்தினானோ!" நாற்காலியைப் பார்த்தும் உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். "மாப்ள, இப்பவே உக்காரு. மூணு பேரை வரவழைக்கிறேன். இருபத்திமூணு பக்கத்தையும் மறுபடி வரைய முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

"நாலு மணி நேரத்துலயா?" என்று ஓவியர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுத்துக்காரர் மேல ஏன் சந்தேகம்?" என்று அண்ணி கேட்டார்.

"ஏனா? மூணு வாரத்துக்கு முன்னாடி எங்க பிரஸ்ஸோட பின்பக்க குடோன் தீப்பிடிச்சுதுங்க. அவங்கப்பாதான் அங்க வாட்ச்மேன். உள்ள படுத்துத் தூங்கியிருக்காரு. கதவு திறந்துதான் கிடந்தது, நேரா வெளிய வந்திருக்கலாம். போதையில வழி தெரியாம வென்டிலேட்டர் கண்ணாடியை உடைச்சு, கையெல்லாம் கிழிச்சு, வெந்து... பாவம்தான், இல்லைங்கல. ஆனா கேட்டா, கதவு வெளியில பூட்டியிருந்துச்சுங்கறாரு! அவரோட அஜாக்கிரதையாலதான் தீப்பிடிச்சுதுன்னு கேஸ் அவர் மேல போட்டிருக்காங்க. அன்னியிலேருந்து பையன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை. அவனுக்கு என் மேல வயிறு எரியுது."

அந்த நேரம் பார்த்து எழுத்துக்காரன் வந்தான். பேச்சுக் குமிழிகளுக்குள் கையால் எழுத்து எழுதுபவன்; முப்பது வயது, ஒல்லி. கையில் காலியான சாப்பாட்டுத் தூக்கு. கொடிகளைப் பார்த்தான். எல்லோருடைய முகத்தையும் பார்த்தான். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டான்.

"நான் எடுக்கல," என்றான்.

"பின்ன யாரு, கவ்வியா வந்து எடுத்துச்சு?" என்று பதிப்பாளர் சீறினார்.

அண்ணி குறுக்கே வந்தார். "வண்டு, நீ இவர் எதிர்ல உக்காரு. கழிப்பறைக்குப் போனாக்கூட வாசல்ல நில்லு. தப்பா நினைக்காதீங்க தம்பி, இது உங்க நல்லதுக்குத்தான்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: "போலீஸ் இப்ப வேண்டாம். எடுத்தவங்களுக்கு இந்தப் பக்கங்க மேல ரொம்ப ஆசை. கசங்கக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. கொளுத்த மனசு வராது. தானா எங்கயாவது வந்து சேரும். சேர்ந்துட்டா ஆறு மணிக்கு மிஷின் ஓடும். நமக்கு அதுதானே வேணும்?"

வண்டு ஓடிப்போய்க் கீழே மீட்டர் அலமாரி வரை இன்னொரு முறை துழாவி, காலி என்று வந்து, எழுத்துக்காரனுக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த தண்டனை. அவன் மேஜையில் நகத்தால் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். அவள் கால் தாளம் போட்டது. மின்விசிறி கடகடத்தது. பதிப்பாளரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது; உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று அவர் மூன்று முறை கீழே இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஓவியர் அசையவில்லை. கட்டடக்காரி மை பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "காலையிலதான் புதுசு திறந்தேன், அடியில கொஞ்சம்தான் இருக்கு. எப்படித் தீர்ந்துது?" என்று முனகிக்கொண்டே, குடையோடு மை வாங்கப் போனாள்.

மூன்றேகாலுக்கு அவள் திரும்பி வந்ததும் அண்ணி சொன்னார்: "வண்டு, எழுந்திரு. கீழ போய் முதல்ல தேடின இடமெல்லாம் இன்னொரு தடவை தேடிட்டு வா."

அவ்வளவு சீக்கிரம் யாரும் மூன்று மாடி இறங்கியிருக்க மாட்டார்கள். குப்பைத் தொட்டி, இல்லை. மேஜைக்கு அடியில், இல்லை. மீட்டர் அலமாரியைத் திறந்தாள். பல்லி இருந்த இடத்தில், பழுப்புக் காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டி, ஒரு கட்டு.

*

பெரிய மேஜையில் கட்டைப் பிரித்தார்கள். ஒரு பக்கம், ஒரு பட்டர் பேப்பர். ஒரு பக்கம், ஒரு பட்டர் பேப்பர். ஓவியர் ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க அவருக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. வண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே எண்ணினாள். பதினாறு வரை பழுதில்லை. பதினேழில் கட்டடக்காரி "ஐயோ" என்றாள்.

இதற்குமேல் திரும்பாமல் இருக்க வண்டுவால் முடியவில்லை. பதினேழாம் பக்கம் முழுவதும் ஒரே படம். வலது பாதியில் கண்டக்டர், முதுகைச் சாய்த்து, கம்பியை ஊன்றி, ரத்தம் வழிய நிற்கிறாள். கன்னத்துச் சாம்பல்கூட ஒரு துகள் கலையவில்லை. இடது பாதியில் மட்டும் கையகலத்துக்குக் கறுப்பு மை கொட்டிக் கிடந்தது.

"மழையில ஓடிவந்து எடுத்தப்போ கொட்டியிருக்கும்," என்றார் பதிப்பாளர். "போகட்டும் விடு. மிச்சமெல்லாம் நல்லா இருக்குல்ல? இந்த ஒரு பக்கத்தை வேற மாதிரி வரைஞ்சிடலாம். ஒரு சுவர் போட்டாப் போதும். சீக்கிரம்!"

அண்ணி அந்தப் பக்கத்துக்கு மேலும் கீழும் இருந்த பட்டர் பேப்பர்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் சுத்தமாக இருந்தன. அவற்றை மேஜையில் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க. அஞ்சு நிமிஷம்தான்."

பதிப்பாளர் உட்காரவில்லை.

"எனக்கு முதல்லயே இடிச்சது இந்த நோட்டுதான்," என்றார் அண்ணி. "கதை முடிவு வெளிய வரக்கூடாதுன்னோ, முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னோ திருடினவங்க இதை விட்டுட்டுப் போகமாட்டாங்க. பத்திரிகை மேல கோபத்துல திருடினவங்க கிளிப்பை டப்பாவுல போட்டு, பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைக்கமாட்டாங்க. கை பழகினவங்க, இந்தப் படங்களைக் கெடுக்க மனசு வராதவங்கதான் அப்படிச் செய்வாங்க. அப்ப எதுக்கு எடுக்கணும்? ஒரு பக்கம் மட்டும் வெளிய வரக்கூடாது. அந்த ஒண்ணை மட்டும் எடுத்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். அதனால எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"இந்தப் பதினேழா?" என்றார் ஓவியர்.

"பட்டர் பேப்பரைப் பாருங்க. கட்டா இருக்கும்போது மை கொட்டியிருந்தா இதுல ஒரு சொட்டாவது ஊறியிருக்கும். இல்ல. அந்தப் பக்கத்துல தனியா மை ஊத்தி, தனியாக் காயவெச்சு, அப்புறம்தான் உள்ள வெச்சிருக்காங்க. மை இங்கேயே ஊத்தினது. புதுப் பாட்டில் காலியானது அப்படித்தான். ஊத்தினவங்க கை கண்டக்டர் மேல படாம ஊத்தியிருக்கு. அவளைக் கெடுக்க மனசு வரல."

எழுத்துக்காரன் நகத்தால் எழுதுவதை நிறுத்தியிருந்தான்.

"எல்லாரும் மேல வந்த பிறகும் வண்டு மீட்டர் அலமாரியைத் துழாவினா. காலி. மூன்றேகாலுக்குக் கட்டு அங்க இருக்கு. அந்த நேரம் முழுக்க இந்தத் தம்பி அவ எதிர்ல இருந்தார். ஓவியரும் நகரல. கீழ போனது ரெண்டு பேர். கட்டடக்காரப் பொண்ணு பக்கங்க காணாமப் போன நேரத்துல ஓட்டல்ல ஓவியரோட இருந்தா, அவகிட்ட சாவியும் இல்ல."

வண்டு தன்னையறியாமல் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

"நான் போன் பேசப் போனேன்!" என்றார் பதிப்பாளர். "நான் ஏங்க என் பத்திரிகையை நானே திருடணும்? பிரஸ்லேருந்து நேரா வர்றேன். பக்கத்தைக் கண்ணால பார்க்கல."

"மொத்தம் எத்தனை பக்கம்?"

"இருபத்தி..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார்.

"இருபத்திமூணு. வந்ததும் அதைத்தான் சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு இருபத்திநாலு. இன்னிக்குக் காலையிலதான் உங்க மாப்பிள்ளை ஒண்ணைக் கிழிச்சாரு. நீங்க குதிப்பீங்கன்னு உங்ககிட்ட சொல்லல. போன்லயும் சொல்லல. எழுத்துக்காரர் உங்ககிட்ட பேசறதே இல்ல. அப்ப, கொடியில தொங்கினதை எண்ணினவருக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்."

ஓவியர் மெல்ல எழுந்தார். "மச்சான்?"

அண்ணி கட்டடக்காரியின் பக்கம் திரும்பினார். "இந்த மைக்கு அடியில என்னம்மா வரைஞ்சிருந்தே?"

"கதவுங்க. கவ்விங்களை எல்லாம் ஒரு கட்டடத்துக்குள்ள விரட்டி, கண்டக்டர் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுட்டு, அதுல சாஞ்சு நிக்கிறா. வெளியில பெரிய பூட்டுத் தொங்கற கதவு ஒண்ணு வேணும்னு என் போன் படங்கள்ல தேடினேன். ஒரு தகரக் கதவு கிடைச்சுது. நடுவுல ஒட்டுப் போட்ட தகடு, மேல சிவப்புல எச்சரிக்கைன்னு பாதி அழிஞ்சு..."

"கீழ வலது மூலையில ஒரு ஓட்டை," என்றான் எழுத்துக்காரன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "பூனை போற அளவுக்கு."

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"காட்டு."

அவள் போனை நீட்டினாள். அண்ணி வாங்கித் திரையைத் தள்ளித் தேதியையும் நேரத்தையும் உரக்கப் படித்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை. மாலை நாலு பத்து.

"அன்னிக்குத் தீ தெரிஞ்சது நாலரைக்கு," என்றான் எழுத்துக்காரன். போனைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். தகரக் கதவின் கொண்டியில், வெளிப்பக்கத்தில், உள்ளங்கை அளவு பூட்டு.

"அது பிரஸ் குடோன்னு எனக்குத் தெரியாது," என்று கட்டடக்காரி அழத் தொடங்கினாள். "பின்பக்கச் சந்து வழியா வந்தேன். சத்தியமாத் தெரியாது. உள்ள ஆள் இருந்தது..."

பதிப்பாளர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"காகிதக் கட்டு திருடு போய்க்கிட்டே இருந்துச்சு," என்றார் தரையைப் பார்த்து. "அன்னிக்கு மூன்றரைக்குப் போய்ப் பூட்டினேன். குரல் கொடுத்துப் பார்க்கல. டீக்குப் போயிருப்பாருன்னு நினைச்சுட்டேன். புகையைப் பார்த்து ஓடிப்போய் நான்தான் திறந்தேன். அதுக்குள்ள அவரு வென்டிலேட்டர் வழியா விழுந்து கிடந்தாரு. பூட்டு என் பாக்கெட்டுல இருந்துச்சு. போலீஸ் வந்து, 'கதவு திறந்துதானே இருந்தது?'ன்னாங்க. திறந்துதானே இருந்தது, நான்தானே திறந்தேன். ஆமாங்கன்னேன். அந்த ஒரு ஆமாங்கதான். அதுக்கப்புறம் திருத்திச் சொல்லலாம்னு ஒவ்வொரு நாளும்..."

"குடிச்சிருந்தாருன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"எங்கப்பா குடிச்சதே இல்ல," என்றான் எழுத்துக்காரன். "மூணு வாரமா அவர் வீட்டை விட்டு வெளிய வரல. மாடிப்படியில புள்ளைங்க அவரைப் பார்த்தா தள்ளாடி நடந்து காட்டுதுங்க. ராத்திரியெல்லாம், கதவைத் தட்டினேன்டா, தட்டினேன்டான்னு புலம்பறாரு... நானே நம்பலீங்க. ஒரு கட்டத்துல நானே நம்பல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் பதிப்பாளரைப் பார்க்கவில்லை. அதுதான் வண்டுவை உலுக்கியது. ஏழு வருஷமாக அந்தத் தொடரில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். அவள் ஒருவருக்காகவும் இப்படிக் கலங்கியதில்லை.

"இன்னிக்கு ஏன் வந்தேன் தெரியுமா?" பதிப்பாளர் யாரிடமும் இல்லாமல் கேட்டார். "முடிவு என்னன்னு தெரிஞ்சுக்கத்தான். நாளைவரைக்கும் பொறுக்கல. ஒவ்வொரு பக்கமாப் படிச்சுக்கிட்டே வந்தேன். பதினேழுல அந்தக் கதவு. நாளைக்கு இவங்கப்பன் கையிலயும் புத்தகம் போகும். மையை எடுத்து ஊத்திட்டேன். ஊத்தின அப்புறம்தான், இதை மட்டும் ஏன்னு கேப்பாங்களேன்னு தோணுச்சு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் காருக்குப் போனேன். கிழிச்சுப் போட முடியல."

ஓவியர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "நீங்க என் பொண்டாட்டிக்கு அண்ணன். என் முதல் படத்தை அச்சுல போட்டவரு. அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பக்கம் கதவோடதான் போகும். அதே ஒட்டுத் தகடு, அதே ஓட்டை, அதே பூட்டு." கட்டடக்காரியைப் பார்த்தார். "எவ்வளவு நேரமாகும்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம்."

"படத்தை நான் ஒரு நகல் எடுத்துக்கறேன்," என்றார் அண்ணி. "நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல நீங்களே போய் வாக்குமூலத்தை மாத்திச் சொல்லிடுங்க. சொல்லாட்டி நான் போவேன். எழுத்துக்காரத் தம்பி, உங்களுக்கு வேற ஏதாவது கேட்கணுமா?"

"அவர் இப்ப எங்க வீட்டுக்கு வரணும்," என்றான் எழுத்துக்காரன்.

*

பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டு, ஆறடித்துச் சில நிமிடங்களில் அவர்கள் எழுத்துக்காரனின் வீடு இருந்த அடுக்குமாடியின் முதல் தளத்தை அடைந்தார்கள். நீண்ட நடைபாதை, ஒரு பக்கம் வரிசையாக எட்டு வீடுகள். தூறல் நின்றிருந்தது. ஒவ்வொரு கதவுக்குள்ளிருந்தும் டி.வி. சத்தம் வந்தது. அண்ணி படி முடியும் இடத்திலேயே நின்றுகொண்டார். வண்டு நிற்க முடியாமல் நான்கு அடி முன்னால் போனாள்.

வாட்ச்மேன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை துணிக்கட்டில் இருந்தன. மகன் அவர் பக்கத்தில் குனிந்து, "அப்பா, கதவு பூட்டித்தான் இருந்துச்சு. படம் இருக்கு," என்றான்.

கிழவர் மகனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்தார். பதிப்பாளர் எல்லாவற்றையும் சொன்னார். பூட்டினது, திறந்தது, பாக்கெட்டில் போட்டது, குடித்திருந்தார் என்று சொன்னது. பாதியில் குரல் உடைந்தபோதும் கிழவர் உதவிக்கு வரவில்லை, முடியும்வரை காத்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. என்னை என்ன வேணா..."

"எனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும்ங்க," என்றார் கிழவர். "உள்ள இருந்தவனுக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. இந்த வரிசையில எட்டு வீடு. எங்க வீட்டைக் கழிச்சா ஏழு. மேல ரெண்டு மாடி இருக்கு. நாளைக்கு ஸ்டேஷன்ல சொல்றது சட்டத்துக்கு. இது எனக்கு."

பதிப்பாளர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு நடைபாதையில் திரும்பினார். கிழவர் கட்டிலிலிருந்து இறங்கினார். மகன் தாங்க வந்தான். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டுத் தானே நடந்து வந்து வாசற்படியில் நின்றார்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை; இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். கிழவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தார். மூன்றாவது வீட்டில் டி.வி. மிகவும் சத்தமாக ஓடியது. பதிப்பாளர் அதை அணைக்கச் சொன்னார், அணைக்கும்வரை நின்றார், பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.